புது டெஸ்க்டாப், மூன்று புகார்: ஃபார்மேட் போடாமலே தீர்ந்த ஒரு கேஸ்

கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண போட்டோவும் வீடியோவும் எடுக்கிற ஒரு ஸ்டூடியோவின் எடிட்டிங் சிஸ்டம் இது. பழைய கம்ப்யூட்டரில் 4கே வீடியோ நகரவே மாட்டேன் என்றதால், ஸ்டூடியோக்காரர் கோவையில் ஒரு கடையில் பாகங்களைச் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கியிருந்தார். இன்டெல் கோர் ஐ5-13400, 16 ஜிபி ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஃபுட்டேஜ் கொட்டி வைக்க ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க், 27 இன்ச் 4கே மானிட்டர். கல்யாண வேலைக்கு இது தாராளம். அப்படியிருந்தும் ஸ்டூடியோக்காரர் போனில் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இதுக்குப் பழைய சிஸ்டமே தேவலைங்க."

என்ன ஆகிறது என்று கேட்டால் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. மவுஸ் இழுக்கிறது, பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைன் தத்தித் தத்தி ஓடுகிறது, எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் அலறுகிறது, ஸ்க்ரீனில் கருப்பு கருப்பாகவே இல்லை, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் நெட் விட்டு விட்டு வருகிறது. விற்ற கடையில் கேட்டதற்கு, சிபியுவைக் கொண்டு வாருங்கள், ஃபார்மேட் போட்டுத் தருகிறோம் என்றார்களாம். எனக்கு இந்த மாதிரி கேஸில் ஃபார்மேட் என்ற வார்த்தை மீதே ஒரு எரிச்சல் உண்டு. பாகங்களில் எது மெதுவாக ஓடுகிறது, ஏன் என்று தெரியாமல் விண்டோஸை அழித்துப் போட்டால் அதே கேபிளும் அதே கூலரும் அதே இடத்தில்தான் இருக்கும். அதைவிட மோசம், ஃபார்மேட்டுக்குப் பிறகு ஒரு நாள் நன்றாக இருக்கிற மாதிரித் தெரியும், அப்புறம் பழைய கதை.

"சிஸ்டம் ஸ்லோ" என்பது ஒரு மூட்டை. அவிழ்த்து நெட், டிஸ்ப்ளே, வேகம் என்று மூன்றாகத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு எண்ணால் அளந்து பார்த்தால்தான் எது எதற்குக் காரணம் என்று தெரியும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் சும்மா பார்வையிட்டேன். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரேம் 2666 என்று காட்டியது. பெட்டியில் 3200 என்று இருக்கிறது. ஜிபியு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் இன்டெல் யுஹெச்டி 730. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் என்விடியா என்ற பெயரே இல்லை, அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர், மேலே மஞ்சள் முக்கோணம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பார்த்தால் 3840 × 2160, 30 ஹெர்ட்ஸ். ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு 100/100. எந்த ஸ்க்ரூவையும் கழற்றுவதற்கு முன்பே இத்தனை எண்கள் தப்பாக நின்றன.

டிரைவரை இறக்கவே நெட் வேண்டும். அதனால் நெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

நெட்: மேஜை ஆடினால் லிங்க் போகும்

முதலில் வைஃபையை அணைத்துவிட்டேன். கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், கேபிள் போகும்போது விண்டோஸ் சத்தமில்லாமல் வைஃபைக்குத் தாவிவிடும், எது விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்கும் இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) போக விட்டேன். இதைவிட எளிய சோதனை கிடையாது. ரவுட்டர் பிங் ஒழுங்காக ஓடி வெளி பிங் மட்டும் விழுந்தால் பிரச்சனை நெட் கொடுப்பவரிடம். ரவுட்டர் பிங்கே விழுந்தால் வீட்டுக்குள்ளேயே. இங்கே இரண்டும் சேர்ந்து விழுந்தன. அதிலும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வரவில்லை, "ஜெனரல் ஃபெயிலியர்" என்று வந்தது. முன்னது, அனுப்பினேன், பதில் வரவில்லை என்ற கதை. பின்னது, அனுப்பவே வழியில்லை என்ற கதை. லிங்கே அறுந்தால்தான் பெரும்பாலும் அப்படி வரும்.

எப்போது அறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ ஃபைலைத் தேடக் கீபோர்டு ட்ரேயை இழுத்தார், பிங் நின்றது. உள்ளே தள்ளினார், மறுபடி ஓடியது. சிபியு மேஜை மேலேயே இருக்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால் லேன் கேபிள் முனையில் இருக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் லாக் உடைந்து போயிருந்தது. செருகினால் "க்ளிக்" என்ற சத்தம் வராது, சும்மா நிற்கும், மேஜை அதிர்ந்தால் ஒரு நூல் அளவு வெளியே வரும். இதற்காகத்தான் நெட் கம்பெனிக்கு அவர் புகார் மேல் புகார் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் ஆள் அனுப்பி ஃபைபர் முனையைச் சோதித்து, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அறுவது சரி, 100 எதற்கு? 300 எம்பிபிஎஸ் பிளானில் ஸ்பீடு டெஸ்ட் 94-க்கு மேல் போகவே மாட்டேன் என்று நிற்பது, கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டுச் சொல்வது மாதிரிதான்: எங்கோ ஒரு இடத்தில் லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. நெட் கம்பெனி கொடுக்கும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் எல்லா லேன் ஓட்டையும் கிகாபிட் கிடையாது. ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100. இங்கேயும் அப்படித்தான், ஸ்டூடியோ கேபிள் மூன்றாவதில் இருந்தது. லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய்ச் சின்ன கேபிளில் முதல் ஓட்டையில் போட்டால் 1000 வந்தது. மாடிக் கேபிளை அந்த ஓட்டைக்கு மாற்றிவிட்டு மேலே வந்து பார்த்தால் இன்னும் 100-தான்.

ஆக, கேபிளிலும் ஏதோ இருக்கிறது. லாக் உடைந்த முனையை எப்படியும் வெட்டத்தான் வேண்டும், வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு வயர்தான் கிரிம்ப் ஆகியிருந்தது, அதாவது முனைக்குள் அமுக்கிப் பொருத்தியிருந்தது: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பழுப்பும் உறைக்கு வெளியே மடக்கி டேப் சுற்றியிருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டையும் சேர்த்து கிரிம்ப் அடித்தால் முடிந்தது என்று நினைக்கும்போது அவரே சொன்னார், அந்த நீலம், பழுப்பு வழியாகத்தான் மாடிப்படி வைஃபை கேமராவுக்கு 12 வோல்ட் போகிறதாம். வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் தனி வயர் இழுக்க வேண்டாமே என்று உபரியாக இருந்த இரண்டு ஜோடியில் கரண்ட் ஏற்றிவிட்டார். நம் ஊரில் இது சர்வ சாதாரணம். அது தெரியாமல் எட்டையும் கிரிம்ப் செய்து மதர்போர்டில் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கேபிளைக் கேமராவுக்கே விட்டுவிட்டு, ஸ்டூடியோவுக்குப் புதிதாக ஒரு கேட் 6 கேபிள் இழுத்தோம். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்கச் சொன்னேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் இரண்டு முறை மடக்கினால் முறியும். வரிசை இரண்டு முனையிலும் ஒன்றுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. செருகியதும் லிங்க் 1000/1000, ஸ்பீடு டெஸ்ட் 300-ஐ ஒட்டி வந்தது. ட்ரேயை நன்றாக ஆட்டிப் பார்த்தோம், பிங் நிற்கவில்லை.

வைஃபை ஏன் மோசமாக இருந்தது என்பதற்குப் பதில் மதர்போர்டு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பின்னால் திருக வேண்டிய இரண்டு ஆன்டெனாவும் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தன. ஆன்டெனா இல்லாவிட்டாலும் பக்கத்தில் ரவுட்டர் இருந்தால் ஓரளவு சிக்னல் காட்டும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திருகிவிட்டேன், ஆனால் கேபிள் இருக்கும்போது வைஃபை தேவையில்லை. இன்னொரு விஷயம், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை யுஎஸ்பி 3.0-இல் மாட்டி ஆன்டெனா பக்கத்திலேயே வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை போட்டிருக்கிறது. ஸ்டூடியோக்களில் நாள் முழுக்க ஹார்ட் டிஸ்க் மாட்டியபடியே இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

டிஸ்ப்ளே: ஒரே கேபிளுக்குப் பின்னால் நான்கு காரணம்

மானிட்டர் கேபிள் மதர்போர்டு ஹெச்டிஎம்ஐயில் செருகியிருந்தது. ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து இணைத்தது கடைக்காரர் இல்லை, வீட்டுப் பையன்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, யுஎஸ்பி, லேன், ஆடியோ எல்லாம் இருக்கிற இடத்தில் ஹெச்டிஎம்ஐயும் இருந்தால் யாருக்கும் கை அங்கேதான் போகும். ஐ5-13400எஃப் என்ற மாடலாக இருந்திருந்தால் அதில் உள்ளடங்கிய கிராபிக்ஸே கிடையாது, ஸ்க்ரீன் கருப்பாக நின்றிருக்கும், அப்போதே கேபிளை மாற்றியிருப்பார்கள். இங்கே படம் வந்துவிட்டது. படம் வந்ததுதான் வம்பு. ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிய நாளிலிருந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அதன் டிரைவர் ஏன் இல்லை? கடையில் விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், மீதியை நெட் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட் இழுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. நெட்தான் ட்ரேயை இழுக்கும்போதெல்லாம் அறுந்ததே, அப்டேட் பாதியில் பாதியில் நின்றிருந்தது. மூன்று தனிப் புகாராகப் பிரித்ததில் இரண்டு இப்படி உள்ளுக்குள் கைகோத்திருந்தன.

என்விடியா டிரைவரைப் போட்டேன், கேபிளைக் கார்டுக்கு மாற்றினேன். ரெஃப்ரெஷ் ரேட் பார்த்தால் இன்னும் 30 ஹெர்ட்ஸ். மவுஸ் இழுக்கிறது என்ற புகாருக்குக் காரணமே இதுதான்: வினாடிக்கு 30 முறை மட்டும் திரை மாறினால் பிராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மவுஸ் பின்னாலேயே வருவது மாதிரித்தான் இருக்கும். அவர் அதை சிஸ்டத்தின் மெத்தனம் என்று எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கார்டு ஹெச்டிஎம்ஐ 2.1, அதற்கு 4கே 60 ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் மறுமுனை. மானிட்டருக்குப் பின்னால் இருக்கிற பட்டனை அழுத்தி மெனுவுக்குள் போனால், ஹெச்டிஎம்ஐ மோடு என்று ஒரு வரி, அதில் 1.4 தேர்வாகியிருந்தது. பழைய டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் மாட்டினாலும் படம் வரட்டும் என்று பல 4கே மானிட்டர்கள் இப்படித்தான் வருகின்றன. ஹெச்டிஎம்ஐ 1.4-இல் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸோடு சரி. 2.0-க்கு மாற்றியதும் 60 தெரிந்தது, மவுஸ் கையோடு வந்தது, அவர் முகத்தில் முதல் சிரிப்பு.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். ஸ்க்ரீன் திடீரென்று ஒரு நொடி கருப்பாகி மீண்டது, அப்புறம் மறுபடியும். கேபிள் பழைய மானிட்டரோடு வந்த பழைய ஹெச்டிஎம்ஐ. 4கே 30-க்கு 10.2 ஜிபிபிஎஸ் தாங்கும் கேபிள் போதும், 60-க்கு 18 ஜிபிபிஎஸ் வேண்டும். பழைய கேபிளுக்கு அது மூச்சு முட்டும், சிக்னல் நழுவும்போதெல்லாம் திரை கருப்பாகும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று வாரண்டிக்குக் கிளம்புகிறார்கள். மானிட்டர் பெட்டியை எங்கே வைத்தீர்கள் அண்ணா என்று கேட்டேன், பரண் மேலிருந்து இறக்கினார், தெர்மோகோலுக்கு அடியில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று உறையோடு இருந்தது. அதை மாட்டியதற்கு அப்புறம் அந்தக் கருப்புத் திரை வரவில்லை.

நான்காவது காரணம்தான் அவர் தொழிலுக்கு ஆபத்தானது. கருப்பு கருப்பாக இல்லை என்றாரே, பட்டு வேஷ்டிக்கும் மாப்பிள்ளையின் கருப்பு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வித்தியாசம் சாம்பல் பூத்துத் தெரிந்தது. ஹெச்டிஎம்ஐயில் 4கே 60 போன்ற டிவிக்குரிய அளவுகளில் கார்டு பல நேரம் லிமிடெட் ரேஞ்சில் அனுப்பும், அதாவது கருப்பு 0-இல் இல்லாமல் 16-இல் ஆரம்பிக்கும், வெள்ளை 255-க்குப் பதில் 235-இல் முடியும். மானிட்டர் அதை 0 முதல் 255 என்று எடுத்துக்கொண்டால் கருப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும்தான் தெரியும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்று இருக்கும், அதை ஃபுல் என்று வைக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறியபோது அது தானாகவே ஃபுல்லாக இருந்தது, இருந்தாலும் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். மங்கலாகத் தெரிகிறதே என்று இவர் ஒரு முழு ஆல்பத்துக்கும் கான்ட்ராஸ்டை ஏற்றி, நிழல்களை அழுத்தி வைத்திருந்தார். நல்லவேளை, லேபுக்கு இன்னும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பிரின்ட்டில் மண்டபத்துப் பின்னணி மொத்தமும் இருட்டு.

வேகம்: ஒரு பின், இரண்டு ஸ்லாட், ஒரு பயாஸ் வரி

டிரைவர் வந்துவிட்டதால் பிரீமியரில் மெர்க்குரி பிளேபேக் என்ஜினை சாஃப்ட்வேர் ஒன்லியிலிருந்து, என்விடியா கார்டை வேலை வாங்கும் குடாவுக்கு மாற்ற முடிந்தது, எக்ஸ்போர்ட் நேரம் அப்போதே பாதிக்கும் கீழே வந்தது. ஆனால் ஃபேன் அலறல் குறையவில்லை. வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரை ஓடவிட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தேன், சில வினாடிகளிலேயே பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டது, தெர்மல் த்ராட்லிங் வரியில் சிவப்பாக "யெஸ்". 13400-க்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது 2-க்கும் கீழே தவழ்ந்துகொண்டிருந்தது. கோபி வெயில், ஏசி இல்லாத அறை, அதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு சீக்கிரம் 100-க்குப் போகாது. இவ்வளவு சீக்கிரம் என்றால் கூலர் பிராசஸரைச் சரியாகத் தொடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு கருப்பு பின்களில் மூன்று ஒரே மட்டத்தில் இருந்தன, கிராபிக்ஸ் கார்டு பக்கத்து பின் ஒன்று மட்டும் நகக்கண் அளவு மேலே தூக்கி நின்றது. அந்த பின்கள் போர்டைத் துளைத்துப் பின்பக்கம் விரிந்து பிடிக்க வேண்டும், விரியாவிட்டால் மேலே பார்க்க உட்கார்ந்த மாதிரித் தெரிந்தாலும் அந்த மூலை கிளம்பியிருக்கும். கடையிலேயே சரியாக உட்காரவில்லையா, கோவையிலிருந்து பஸ்ஸில் வந்த குலுக்கலில் கிளம்பியதா என்று சொல்ல வழியில்லை. அப்படியே அந்த ஒரு பின்னை மட்டும் அமுக்கிவிடலாம் என்று தோன்றும், ஆனால் கூலர் ஒரு முறை தூக்கினால், அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் வெப்பம் கடத்துகிற பேஸ்ட்டில் காற்று புகுந்திருக்கும். முழுதாகக் கழற்றி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் கொஞ்சம் புதிதாக வைத்து, எதிர் எதிர் மூலையாக அமுக்கினேன். நான்கும் சத்தம் கொடுத்து உட்கார வேண்டும், அப்புறம் போர்டின் பின்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மறுபடி எக்ஸ்போர்ட் போட்டபோது எண்பதுகளில் நின்றது. ஃபேன் சத்தம் இருந்தது, அலறல் இல்லை.

மூடி திறந்திருக்கும்போதே ரேமும் கண்ணில் பட்டது. நான்கு ஸ்லாட், இரண்டு ரேம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே சேனலில் இரண்டையும் மாட்டினால் 32 ஜிபி முழுதாகத்தான் காட்டும், ஆனால் போக ஒரே பாதைதான். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும், போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும், அங்கே மாட்ட வேண்டும். டிடிஆர்4 3200 ஒரு சேனலில் வினாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2. இவருக்கு அந்த 3200-கூட இல்லை, 2666-இல் ஒரே சேனல் என்றால் 21.3-தான். மாற்றி மாட்டி, பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் வரியை, ஆன் செய்ததும் 3200 வந்தது. ரேமை இடம் மாற்றிய பின் முதல் தடவை ஆன் செய்யும்போது ஸ்க்ரீன் வர வழக்கத்தைவிட நேரமாகும், பதறி ஆஃப் செய்துவிடக் கூடாது. சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரில் ரேம் வேகம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அதில் 1600 என்று காட்டினால் சரிதான், பாதி எண்ணைத்தான் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டைம்லைன் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கேமராவின் கிளிப் மட்டும் தத்தியது. டிரோன் கிளிப் ஓடுகிறது, செல்போன் கிளிப் ஓடுகிறது, முகூர்த்தம் எடுத்த முதன்மைக் கேமரா மட்டும் தத்துகிறது. அவர் கார்டு பத்தவில்லையோ என்று கேட்டார், பெரிய கார்டுக்கு விலைகூட விசாரித்து வைத்திருந்தார். கிளிப்பின் விவரத்தைப் பார்த்தேன்: எச்265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரம் கூடுதலாக இருக்கும் வகை). இங்கேதான் விஷயம். ஆர்டிஎக்ஸ் 3060 எச்265-ஐப் பிரிக்கும் (டிகோட் செய்யும்), 10 பிட்டும் பிரிக்கும், ஆனால் 4:2:2 வகையை ஹார்டுவேரில் பிரிக்காது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கும் 40 வரிசைக்கும் இது பொருந்தும், 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. ஆகவே 40 வரிசையில் பெரிய கார்டு வாங்கியிருந்தாலும் இந்த கிளிப் இப்படியேதான் தத்தியிருக்கும்.

ஆனால் இன்டெல்லின் யுஹெச்டி 730 அதைப் பிரிக்கும். 13400எஃப்புக்குப் பதில் கொஞ்சம் காசு கூடப் போட்டு 13400 வாங்கியதன் முழுப் பலனும் கல்யாண எடிட்டருக்கு இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவருக்கும் தெரியாது. மானிட்டரைக் கார்டுக்கு மாற்றிய பிறகு பயாஸ் அந்த உள் கிராபிக்ஸைத் தேவையில்லை என்று அணைத்துவிட்டது. பல போர்டுகளில் ஆட்டோ என்று விட்டால் அப்படித்தான் செய்யும். பயாஸில் ஐஜிபியு (உள் கிராபிக்ஸ்) மல்ட்டி-மானிட்டர் என்ற வரியை எனேபிள் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜிபியுவும் வந்தன. பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், மீடியா, அங்கே ஹார்டுவேர் டிகோடிங்கில் இன்டெல்லுக்கும் என்விடியாவுக்கும் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரீமியரை மூடித் திறந்தோம். முகூர்த்த கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. டாஸ்க் மேனேஜரில் இன்டெல் பக்கம் வீடியோ டிகோட் கோடு ஏறுவதும், எக்ஸ்போர்ட் கொடுத்தால் என்விடியா பக்கம் என்கோட் கோடு ஏறுவதும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் அந்த இரண்டு கோட்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தப் பெரிய கார்டு வேண்டாங்களா?" என்றார். வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் கேட் 6 கேபிள், இரண்டு முனை, ஒரு பேஸ்ட் ட்யூப். மற்றதெல்லாம் அவர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தவை. கடைக்கு போன் போட்டு ரேம் ஸ்லாட் விஷயத்தையும் கூலர் பின்னையும் சொன்னார். கொண்டு வாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் அசெம்பிள் செய்து கொடுப்பவர் கடைசியில் பத்து நிமிஷம் முழு லோடில் ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். அது நடந்திருந்தால், கூலர் பின் அங்கேயே சரியாக உட்காராமல் இருந்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். வாங்கப் போகிறவர்கள் பில் போடுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள், டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள். கேட்கிற ஆளுக்குக் கொஞ்சம் கவனமாகவே கட்டிக் கொடுப்பார்கள்.

இரண்டு விஷயம் இன்னும் பாக்கி. ஃபுட்டேஜ் எல்லாம் அந்த 4 டிபி ஹார்ட் டிஸ்கிலேயே இருப்பதால், இரண்டு மூன்று கேமராவை அடுக்கி மல்ட்டிகேம் எடிட் செய்யும்போது அது திணறும். ஓடிக்கொண்டிருக்கிற கல்யாணத்தை மட்டும் எஸ்எஸ்டியில் வைத்து வேலை செய்துவிட்டு, முடிந்ததும் ஹார்ட் டிஸ்குக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, அவர் வருஷக்கணக்காகப் பயன்படுத்தும் ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேர். 4கே மானிட்டரில் 150 சதவீத ஸ்கேலிங்கில் அதன் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குள் போய் ஹை டிபிஐ ஸ்கேலிங்கை அப்ளிகேஷன் பொறுப்பில் விட்டால் எழுத்து கூர்மையாகிறது, ஆனால் பட்டன்கள் எறும்பு சைஸுக்குப் போய்விடுகின்றன. மங்கலே பரவாயில்லை என்று அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்.